பக்தியான பாட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும், "பக்தியானவர்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை

மூத்த பேரன்:

பாட்டி போன மாதம் காலமானார். 1934இல் பிறந்தவர். முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மடல் அச்சிடுகிறோம். அதில் பாட்டியின் வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் உட்கார்ந்து எழுதினேன்: "பக்தியும் பாசமும் நிறைந்தவர். தினமும் பூசை காணத் தவறியதில்லை. செபமாலை சொல்லாமல் படுத்ததில்லை. எல்லோருக்கும் எடுத்துக்காட்டாக வாழ்ந்தார்."

எல்லாம் உண்மைதான். ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் எந்தக் கத்தோலிக்கப் பாட்டிக்கும் பொருந்துகிறது. எங்கள் பாட்டி இதில் எங்கேயும் இல்லை. உங்கள் வீட்டில் இப்படி எழுதியவர்கள் இருந்தால், எதைப் பிடித்துக்கொண்டு எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.

கடைசி வரிசை:

முதலில் ஒரு கேள்வி. இது அச்சில் மட்டும் வருமா, பூசையிலும் வாசிப்பீர்களா? வாசிப்பதாக இருந்தால் சாமியாரிடம் இப்போதே பேசிவிடுங்கள். அடக்கப் பூசையில் மறையுரை சுருக்கமாக இருக்க வேண்டும், அது இறந்தவரைப் புகழும் உரையாக இருக்கக் கூடாது என்று உரோமைத் திருப்பலிப் புத்தகத்தின் பொது விதிகளில் 382ஆம் எண் சொல்கிறது. குடும்பத்தார் பேச விரும்பினால் நற்கருணைக்குப் பிந்திய செபம் முடிந்ததும் சில வார்த்தைகள் பேசலாம். முப்பதாம் நாளுக்கும் அந்த இடத்தையே கேட்டு வாங்குங்கள், மூன்று நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

இந்த விதி பலருக்குக் கடுமையாகப் படுகிறது. நான் குருமடத்தில் சில ஆண்டுகள் இருந்து வெளியே வந்தவன், எனக்கு இதில் நியாயம் தெரிகிறது. இறந்தவருக்காக வேண்டிக்கொள்ளத்தானே பூசை வைக்கிறோம்? "எங்கள் பாட்டி மோட்சத்தில் சம்மனசுகளோடு இருக்கிறார்" என்று மேடையில் அறிவித்துவிட்டால் அப்புறம் பூசை எதற்கு? உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காக, அதாவது மோட்சம் போகுமுன் தூய்மை பெறும் ஆன்மாக்களுக்காக, வாழ்நாள் முழுக்க வேண்டிய ஒரு பெண்மணிக்கு, அவர் இறந்ததும் வேண்டுவதை நிறுத்திவிடுகிறோம். புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை ஒரு தடவை யோசிக்கலாம்.

ஞானத்தாய்:

தம்பி, பாட்டியின் செபப் புத்தகம் யார் கையில் இருக்கிறது? அதை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு எழுத உட்காருங்கள். வேறெங்கும் தேட வேண்டாம்.

என் அம்மாச்சியின் புத்தகத்தைச் சொல்கிறேன். மேல் அட்டை போய், துணி வைத்துத் தைத்திருந்தார். நடுவில் சில பக்கங்களின் கீழ் முனை மட்டும் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறி மெலிந்திருந்தது. மாதா பிரார்த்தனையாக இருக்கும் என்று நினைத்துப் பிரித்தால், மரண அவஸ்தையில் இருப்பவர்களுக்கான செபம். ஊரில் யார் இழுத்துக்கொண்டு கிடந்தாலும் அம்மாச்சியைத்தான் கூப்பிடுவார்கள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கத்தில் மெழுகு சொட்டிய தடம் வேறு.

பின் அட்டையின் உள்பக்கம் பென்சிலில் ஒரு பெயர்ப் பட்டியல். சில பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. இறந்தவர்களை அடித்திருக்கிறார் என்றுதான் எல்லோரும் சொன்னோம். ஆனால் அடிக்கப்பட்டவர்களில் என் பெயரும் இருந்தது! அம்மாதான் விளக்கினார். வேண்டியது கிடைத்துவிட்டால் அந்தப் பெயரை அடித்துவிடுவாராம். என் திருமணம் முடிந்ததும் எனக்கு ஒரு கோடு. அடிக்கப்படாமல் கடைசி வரை நின்ற பெயர்களில் ஒன்று, சொத்துத் தகராறில் அவரை நீதிமன்றம் வரை இழுத்த அவருடைய சொந்தத் தம்பி. அவரைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்கக் கூடாது என்றிருந்தவர், அவர் பெயரை மட்டும் அந்த அட்டையை விட்டு எடுக்கவில்லை.

இதை எழுதினால் "பக்தியானவர்" என்று தனியாக எழுத வேண்டுமா என்ன?

சாம்பல் புதன்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். செபப் புத்தகம் கையில் கிடைத்தால் ஒவ்வொரு செபத்தின் அடியிலும் "300 நாள் பலன்", "7 வருட பலன்" என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் உள்ளடக்கம் 1967க்கு முந்தையது. அந்த ஆண்டு ஜனவரியில் பாப்பரசர் ஆறாம் பவுல் இந்த நாள், வருடக் கணக்கை எடுத்துவிட்டார். பகுதிப் பலன், பரிபூரண பலன் என்ற இரண்டு பிரிவு மட்டும் மிஞ்சியது. 300 நாள் என்றால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் 300 நாள் குறையும் என்று பாட்டிமார்கள் கணக்குப் போட்டார்கள். பழங்காலத் திருச்சபையில் 300 நாள் தவம் செய்தால் கிடைக்கும் பலன் என்பதுதான் அதன் பொருள். சிறுவயதில் நான் இதை எங்கள் அப்பத்தாவுக்கு விளக்கப் போய், "உனக்குத் தெரியுமா, அங்கே போய்ப் பார்த்தாயா?" என்ற ஒரே கேள்வியில் வாயடைத்து நின்றேன்.

1934இல் பிறந்தவர் என்கிறீர்கள். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். அவர் முதல் நற்கருணை வாங்கிய காலத்தில், நள்ளிரவுக்குப் பிறகு ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாலும் மறுநாள் காலை நற்கருணை கிடையாது. 1953இல்தான் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீருக்கு விலக்கு அளித்தார். 1957இல் உணவுக்கு மூன்று மணி நேரம் என்று ஆனது. 1964இல் ஒரு மணி நேரம். அதாவது உங்கள் பாட்டி 19 வயது வரை தாகத்தோடு கோவிலுக்குப் போனவர். முப்பது வயதைத் தாண்டும் வரை பூசை இலத்தீனில்தான் நடந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று ஓத, மக்கள் பின்னால் முழங்காலில் இருந்து செபமாலை சொன்னார்கள். 1969இன் திருவருகைக் காலத்தில் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில்) புதிய பூசை முறை நடைமுறைக்கு வந்தபோது அவருக்கு 35 வயது. கையில் பிள்ளைகள் இருந்திருக்கும். ஒரு வாழ்நாள் பழக்கத்தை அந்த வயதில் மாற்றச் சொன்னார்கள்.

மாற்றினாரா? முணுமுணுத்தாரா? முக்காட்டை எப்போது விட்டார், அல்லது விடவே இல்லையா? 1983இன் திருச்சபைச் சட்டத்தில் முக்காடு பற்றிய விதியே கிடையாது, ஆனால் எங்கள் அப்பத்தாவுக்கு அந்தச் செய்தி சாகும் வரை போய்ச் சேரவில்லை. இந்தக் கேள்விகளை உங்கள் அத்தைமாரிடம் கேளுங்கள். ஒரு பக்கம் போதாமல் போகும்.

மூத்த பேரன்:

ஞானத்தாய் அக்கா, புத்தகம் சின்ன அத்தையிடம் இருந்தது, வாங்கிவிட்டேன். பெயர்ப் பட்டியல் எதுவும் இல்லை. பழைய படங்கள் ஏராளம். இறந்தவர்களின் நினைவுப் படங்கள், குருப்பட்டப் படங்கள், பஸ் டிக்கெட் ஒன்று. நாள் கணக்குப் பலன்கள் அச்சாகியிருக்கின்றன.

சாம்பல் புதன் கேட்ட கேள்வியை அத்தைமாரிடம் கேட்டதும் வீட்டில் சண்டையே வந்துவிட்டது. எல்லாம் வியாழக்கிழமையைப் பற்றி. 2002 அக்டோபரில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், செபமாலை சொல்லும்போது தியானிக்கும் நிகழ்ச்சிகளோடு ஒளியின் தேவ இரகசியங்கள் ஐந்தையும் சேர்த்து, அவற்றை வியாழக்கிழமைக்கு வைத்தார் அல்லவா? அதற்கு முன் வியாழன் சந்தோஷத் தேவ இரகசியங்களுக்கு உரியது. வீட்டில் எல்லோரும் புது முறைக்கு மாறினார்கள். பாட்டி மாறவில்லை. சத்தமாக எதிர்க்கவும் இல்லை. எல்லோரும் "ஆண்டவர் யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றதை" என்று தொடங்கும்போது, அவர் தனக்குள் "கபிரியேல் சம்மனசு மங்கள வார்த்தை சொன்னதை" என்று சொல்லிக்கொள்வார். பெரிய அத்தை இதைப் பிடிவாதம் என்கிறார். சின்ன அத்தை விசுவாசம் என்கிறார்.

கடைசி வரிசை:

பிடிவாதம்தான். ஆனால் விதிக்கு உட்பட்ட பிடிவாதம்! பாப்பரசர் அதை அறிவித்த திருமடலில் புதிய ஐந்தையும் ஒரு பரிந்துரையாகத்தான் வைத்தார், கட்டாயம் என்று சொல்லவில்லை. பழைய செபமாலையின் 150 மங்கள வார்த்தை செபங்கள் விவிலியத்தின் 150 சங்கீதங்களுக்கு ஈடாக வந்தவை என்பதால் புதியதை ஏற்கத் தயங்கிய படித்த ஆட்களும் உண்டு. உங்கள் பாட்டியைக் கட்டாயம் எழுதுங்கள். அத்தைமார் இருவர் சொன்னதையும் சேர்த்தே எழுதுங்கள்.

மணியோசை:

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் வேறு மாதிரி எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கப்போவதில்லை.

என் ஆச்சியும் பக்தியானவர். என் கணவர் கிறிஸ்தவர் அல்லர். குழந்தை வளர்ந்த பிறகு அவளே முடிவு செய்யட்டும் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். ஒரு நாள் நான் குளித்துவிட்டு வெளியே வருகிறேன், அடுக்களையில் ஆச்சி குழந்தையை இடது கையில் ஏந்தியபடி, குழாயடியில் டம்ளரை வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். உதடு அசைகிறது. என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. மூன்றாம் முறையும் ஊற்றி, "ஆமென்" சொல்லி, தம் முந்தானையால் குழந்தையின் தலையைத் துவட்டி, என்னிடம் நீட்டினார். "இனி நீ எப்படி வேண்டுமானாலும் வளர்த்துக்கொள்" என்றார்.

நான் அவரோடு பல மாதங்கள் பேசவில்லை. நரகத்தைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவர். பொய் சொன்னால் நாக்கு எரியும், பூசை தவறினால் ஆன்மா கறுக்கும். இந்தப் பக்தியின் மறுபக்கம் அச்சமும் அடக்குமுறையும். இறந்துவிட்டார் என்பதற்காக அதைப் பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை. நினைவு மடல் எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் கிழிக்கிறார்கள்.

கடைசி வரிசை:

மணியோசை, உங்கள் கோபம் திருச்சபைச் சட்டப்படியும் நியாயமானது. 868ஆம் விதியின்படி, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். குழந்தை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கையும் இருக்க வேண்டும். சாகும் ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு மட்டும்தான் விலக்கு. அவசரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது ஆச்சி படித்த ஞான உபதேசத்தில் இருந்திருக்கும். நல்ல உடல்நலத்தோடு இருக்கும் குழந்தைக்குக் குழாயடியில் கொடுக்க அவருக்கு உரிமை கிடையாது.

சிக்கல் என்னவென்றால், அவர் சரியான வார்த்தைகளைச் சொல்லி, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு தண்ணீர் ஊற்றியிருந்தால், செய்தது தவறு, ஆனால் ஞானஸ்நானம் செல்லும். திரும்பக் கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. ஆச்சிக்கு இந்த நுணுக்கம் நன்றாகவே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். "இனி நீ எப்படி வேண்டுமானாலும் வளர்த்துக்கொள்" என்றாரே!

ஞானத்தாய்:

மணியோசை, நீ என் மகள் வயது இருப்பாய், அதனால் "நீ" என்கிறேன். ஆச்சி செய்தது எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் அந்தத் தலைமுறைக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று ஒன்று சொல்ல வேண்டும்.

என் அம்மாச்சிக்கு மூன்றாவது குழந்தை பிறந்த சிறிது நேரத்தில் இறந்துவிட்டது. தண்ணீர் ஊற்ற யாருக்கும் தோன்றவில்லை. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது. மந்திரித்த கல்லறை நிலத்துக்கு வெளியே, மதிலோரம் புதைத்தார்கள். மணி அடிக்கவில்லை, சாமியார் வரவில்லை. குழந்தை மோட்சத்துக்கும் போகாமல் நரகத்துக்கும் போகாமல் நடுவில் ஓரிடத்தில் இருக்கும் என்று மட்டும் சொன்னார்களாம்.

ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளான நவம்பர் 2ஆம் தேதி குடும்பக் கல்லறைகளில் எல்லாம் மெழுகுவத்தி ஏற்றிச் செபம் சொல்வோம். எல்லோரும் கிளம்பிய பிறகு அம்மாச்சி மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கம் போவார். செபப் புத்தகத்தை எங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். அங்கே சொல்ல அதில் செபம் இல்லை என்பதனால்தான் என்று பிற்பாடு புரிந்தது. பிறகு எங்கள் குடும்பத்தில் பிறந்த ஒவ்வொரு குழந்தையின் அருகிலும் அவர் ஒரு செம்பு தண்ணீரோடு உட்கார்ந்திருப்பார், சாமியார் வரும் வரை.

1969இல் வந்த புதிய அடக்கச் சடங்கு அப்படிப்பட்ட குழந்தைகளுக்கும் இடம் கொடுத்தது. ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்தால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கம் செய்யலாம் என்று 1983இன் சட்டமும் சொல்கிறது. 2007இல் வத்திக்கானின் இறையியல் குழு, இப்படிப்பட்ட குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப நல்ல காரணங்கள் இருக்கின்றன என்று எழுதியது. அம்மாச்சி அதற்கு முன்பே போய்விட்டார். இருந்திருந்தால் வாசித்துக் காட்டியிருப்பேன். "இதை இப்போது சொல்கிறார்களா?" என்று சாமியாரைச் சண்டைக்குக்கூட இழுத்திருப்பார்.

மணியோசை:

அக்கா, இதை வாசித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. எங்கள் ஆச்சிக்கும் அப்படி ஏதாவது நேர்ந்திருக்குமோ என்று அம்மாவிடம் கேட்டேன். இல்லையாம். பிறந்த எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தார்களாம். ஆச்சி அப்படித்தான், யாரைக் கேட்டும் எதையும் செய்தவர் இல்லை என்றார்.

ஆகவே என் கோபம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் உங்கள் அம்மாச்சிக்காக நவம்பரில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவேன். குழந்தைக்காகவும்.

சாம்பல் புதன்:

குறைகளை எழுதலாமா கூடாதா என்பதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. புனித அகுஸ்தினார் தம் தாய் மோனிக்காவைப் பற்றி எழுதியதைப் பாருங்கள். 387இல் ஒஸ்தியாவில் இறந்த தாய்க்கு அவர் எழுதிய நினைவுரை என்றே அதைச் சொல்லலாம், தம் வாழ்க்கையைச் சொல்லும் நூலின் ஒன்பதாம் பகுதியில் வருகிறது. அதில் அவர் எடுத்த எடுப்பில் சொல்வது, சிறுமியாக இருந்தபோது மோனிக்கா பீப்பாயிலிருந்து திராட்சை இரசம் எடுக்கப் போய்த் திருட்டுத்தனமாகக் குடித்துப் பழகிய கதையை! முதலில் உதட்டளவு, பிறகு கோப்பை கோப்பையாக. வேலைக்காரி ஒருத்தி சண்டையில் "குடிகாரி" என்று திட்டியதும் வெட்கப்பட்டு விட்டுவிட்டாராம். புனிதையின் மகனும் புனிதருமான ஒருவர் தாயைப் பற்றி இதை எழுதலாம் என்றால், நாமெல்லாம் எதற்கு மறைக்க வேண்டும்?

கடைசி வரிசை நண்பர் முதலில் சொன்னதும் அங்கே இருக்கிறது. உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் மோனிக்கா பிள்ளைகளிடம் கேட்ட ஒன்று. அகுஸ்தினாரும் வாசிப்பவர்களிடம் தம் பெற்றோருக்காக வேண்டச் சொல்லித்தான் அந்தப் பகுதியை முடிக்கிறார்.

மூத்த பேரன்:

எல்லோரும் சொன்னதை வைத்துத் திரும்ப எழுதியிருக்கிறேன். வெட்ட வேண்டியதைச் சொல்லுங்கள்.

"எங்கள் பாட்டி 1934இல் பிறந்தார். நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர்கூடக் குடிக்காமல் காலைப் பூசைக்குப் போய் வளர்ந்தவர். விதி ஒரு மணி நேரமாகக் குறைந்த பிறகும் அவருடைய விதி குறையவில்லை. மருத்துவர் மாத்திரை போட்டுக்கொண்டுதான் கோவிலுக்குப் போக வேண்டும் என்று கண்டித்த பிறகே, அதுவும் பங்குச் சாமியார் வந்து சொன்ன பிறகே, தண்ணீர் குடித்தார்.

இலத்தீன் பூசையின் வார்த்தைகள் அவருக்கு விளங்கியதில்லை. ஆனால் எந்த இடத்தில் மணி அடிக்கும் என்று மணிக்காரருக்கு முன்பே தெரியும். வியாழக்கிழமைகளில் நாங்கள் ஒளியின் தேவ இரகசியங்களைத் தியானித்தபோது அவர் சந்தோஷத் தேவ இரகசியங்களையே தியானித்தார். இது பிடிவாதம் என்று ஒரு மகளும் விசுவாசம் என்று இன்னொரு மகளும் சொல்கிறார்கள்.

தொலைந்த பொருள் கிடைக்காவிட்டால் புனித அந்தோணியாரின் சுரூபத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். கிடைத்ததும் நேரே திருப்பி, துடைத்து, மெழுகுவத்தி ஏற்றி, 'கோபித்துக்கொள்ளாதேயும்' என்பார்.

கடைசி நாள்களில் ஸ்கேன் எடுப்பதற்காகச் செபமாலையைக் கழுத்திலிருந்து கழற்றினார்கள். விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டே உள்ளே போனார். வெளியே வந்தபோது நான்காம் தேவ இரகசியத்தில் இருப்பதாகச் சொன்னார்.

எங்களிடம் கோபித்தபோது வாரக்கணக்கில் பேசாமல் இருந்தார். அப்போதும் எங்களுக்காக வேண்டினாரா என்று கேட்டால், 'அது வேறு கணக்கு' என்பார். அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்."

ஞானத்தாய்:

எதையும் வெட்ட வேண்டாம். "அது வேறு கணக்கு" என்பதைப் பாட்டியே எழுதியது போல இருக்கிறது.

கடைசி வரிசை:

பூசையில் வாசிப்பதற்கு முதல் பத்தியையும் கடைசி இரண்டு பத்திகளையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடத்துக்குள் அடங்கும். மீதி மடலில் இருக்கட்டும்.

மணியோசை:

கோபித்ததை விடாமல் எழுதியதற்கு நன்றி.

மூத்த பேரன்:

ஒரு சிக்கல். அந்தோணியாரைப் பற்றிய பகுதியை எடுத்துவிட வேண்டும் என்று சின்ன அத்தை பிடிவாதமாக நிற்கிறார். புனிதருக்கு அவமரியாதையாம், சாமியார் வாசித்தால் என்ன நினைப்பாராம்.

சாம்பல் புதன்:

அந்தோணியாருக்கு இது புதிதல்ல. உலகம் முழுக்கப் பக்தர்கள் அவரைத் தலைகீழாகத் தொங்கவிட்டும், கையிலிருக்கும் பாலனைக் கழற்றி ஒளித்து வைத்தும் காரியம் சாதித்திருக்கிறார்கள். உங்கள் பாட்டி சுவர்ப் பக்கம் திருப்பியதோடு விட்டது பெருந்தன்மை. சாமியார் சிரிப்பார். எடுக்காதீர்கள்.

மூத்த பேரன்:

அத்தை இறங்கி வந்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: சுரூபத்தைத் திருப்பி வைத்தது பாட்டி மட்டும்தான், மகள்களில் யாரும் அப்படிச் செய்ததில்லை என்று தெளிவாக இருக்க வேண்டுமாம். பெரிய அத்தை இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார், காரணத்தைச் சொல்ல மறுக்கிறார். மடல் நாளை அச்சுக்குப் போகிறது.